அரபு எழுத்தும் அரூப ஓவியமும்: ஒரே கேன்வாஸில் இணைக்க ஒரு முழு வழிகாட்டி

கேன்வாஸ் முழுக்க நீலமும் பச்சையும் கலந்து இழுத்த வண்ணம். நடுவில், இணையத்திலிருந்து எடுத்த ஓர் அரபுச் சொல், தங்க நிறத்தில். "இஸ்லாமிய மாடர்ன் ஆர்ட்" என்ற பெயரில் நான் பார்ப்பதில் பாதிக்கு மேல் இந்த வகைதான். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அந்தச் சொல்லைச் சுரண்டிவிட்டு வேறொரு சொல்லை வைத்தாலும் படம் அப்படியேதான் இருக்கும். கோளாறு அங்கேதான். எழுத்தும் ஓவியமும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

நானும் ஆரம்பத்தில் இரண்டு வருடம் இப்படி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். அதிலிருந்து வெளியே வந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். அரபு வாசிக்கத் தெரியாதவர்களும் பின்பற்றலாம், கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான். உதாரணத்துக்கு ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்: ஸப்ர். பொறுமை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் "சபூர் செய்" என்று புழங்குகிற அதே சொல். ஸாத், பா, ரா, மூன்றே எழுத்து.

தூரிகையைத் தொடும் முன்: எதை விடப் போகிறீர்கள்?

எழுத்தணிக் கலைஞர் எழுதிய ஒரு சொல்லில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வாசிக்கக் கிடைக்கும் பொருள். எழுத்துகளுக்கு இடையிலான அளவு. கலம் (எழுதுகோல்) ஓடிய வீச்சு. மரபு இந்த மூன்றையும் விடாமல் பிடிக்கிறது. அரூபத்துக்குள் (உருவங்களைக் காட்டாத 'ஆப்ஸ்ட்ராக்ட்' ஓவியத்துக்குள்) வரும்போது ஏதாவது ஒன்றைத் தளர்த்தியாக வேண்டும். மூன்றையும் பிடித்துக்கொண்டால் வண்ணத் தாளில் எழுதிய மரபு எழுத்துதான் கிடைக்கும். மூன்றையும் விட்டால் அது எந்த மொழியும் இல்லாத கோடு. ஒன்றை விட்டு இரண்டைப் பிடியுங்கள் என்பதுதான் என் கணக்கு.

பெரியவர்கள் எதை விட்டார்கள் என்று பார்த்தால் இது புரியும். நஜஃபில் 1944-ல் பிறந்து 1969-ல் பாரிஸுக்குப் போன ஹசன் மஸ்ஸூதி, ஓர் அகலமான கருவியால் ஒற்றைச் சொல்லைக் கோபுரம்போல் எழுப்புவார். எழுத்துகளின் அளவு தளர்ந்திருக்கும், வீச்சு தளராது. பெரிய சொல்லுக்கு அடியில் முழு வாசகத்தைச் சின்னதாக எழுதி, பொருளையும் காப்பாற்றிவிடுவார். தெஹ்ரானின் முஹம்மது எஹ்ஸாயி முறையாகப் பயின்ற எழுத்தர். அவருடைய ஓவியங்களில் எழுத்தின் உடம்பு அச்சு அசலாக இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து வாசிக்க முடியாமல் போயிருக்கும். துனிஸின் நஜா மஹ்தவி இன்னும் ஒரு படி மேலே: தூரத்திலிருந்து அசல் அரபு வாசகம்போல் தெரியும், கிட்டே போனால் ஒரு சொல்லும் இருக்காது.

இந்தப் போக்குக்கு ஹுரூஃபிய்யா என்று பெயர் ("ஹுரூஃப்" என்றால் எழுத்துகள்). ஈராக்கின் மதீஹா உமர் 1949-லேயே அரபு எழுத்துகளை வைத்து வரைந்த அரூப ஓவியங்களை வாஷிங்டனில் காட்சிக்கு வைத்தார். ஷாகிர் ஹசன் அல் ஸயீத் 1971-ல் பாக்தாத்தில் "ஒற்றைப் பரிமாணம்" என்ற குழுவைத் தொடங்கினார். ஈரானில் 1960களில் சக்காகானே என்ற போக்கு கிளம்பியது. சக்காகானே என்பது கர்பலாப் போரில் இமாம் ஹுசைனின் கூட்டத்தார் தவித்த தாகத்தை நினைத்துத் தெருவோரம் வைக்கும் தண்ணீர் மாடம், ஏறத்தாழ நம்மூர்த் தண்ணீர்ப் பந்தல். அங்கே தொங்கும் தாயத்து, முத்திரை, எண்கள் எல்லாம் ஹுசைன் ஸெந்தெரூதியின் கேன்வாஸுக்குள் வந்தன.

இதெல்லாம் மேற்கிலிருந்து இறக்குமதியான யோசனை என்று நினைக்க வேண்டாம். பாரசீக எழுத்தர்களிடம் "சியாஹ் மஷ்க்" என்றொரு பழக்கம் உண்டு. கருத்த பயிற்சி என்று பொருள். ஒரே தாளில் ஒரே எழுத்துகளைத் திருப்பித் திருப்பி, தாளைச் சுற்றிச் சுற்றி, இடமே இல்லாமல் கருப்பாகும்வரை எழுதுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில், ஈரானைக் காஜார் மன்னர்கள் ஆண்ட காலத்தில் அந்தப் பயிற்சித் தாள்களே தனிக் கலைப்படைப்புகளாக மதிக்கப்பட்டன. மிர்ஸா குலாம் ரஸா இஸ்ஃபஹானியின் தாள்களைத் தேடிப் பாருங்கள். ஏழாம் படியில் இது நமக்குத் தேவைப்படும்.

படி 1: புள்ளிக் கணக்கு

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. குதித்தால் கோணல் தெரிந்துவிடும், அரபு வாசிக்கத் தெரியாதவர் கண்ணுக்குக்கூட.

பாக்தாத்தில் அப்பாசியர்களுக்கு வஸீராக (அமைச்சராக) இருந்த இப்னு முக்லா (இறப்பு 940) எழுத்துக்கு ஓர் அளவு முறை வகுத்தார். கலத்தின் வாயைத் தாளில் சாய்த்து வைத்து இழுத்தால் ஒரு சாய்சதுரப் புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் அலகு. நேர்க்கோடாக நிற்கும் முதல் எழுத்தான அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டம், மற்ற எழுத்துகள் எல்லாம் அந்த இரண்டையும் ஒட்டி. அரசியலில் சிக்கி வலக்கையையே வெட்டக் கொடுத்த மனிதர் வகுத்த அளவில்தான் ஆயிரம் வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்துமுறைக்கு ஏற்ப இது மாறும்: பொதுவாகத் துலுத் என்ற முறையில் அலிஃப் 7 புள்ளி, நஸ்கில் 5, நஸ்தலீக்கில் 3.

ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, நுனியைச் சீவித் தட்டையாக்கி, வாயைச் சாய்வாக வெட்டினால் கலம் தயார். மையூற்றும் குப்பியில் கொஞ்சம் பட்டு நூல் பஞ்சைப் போட்டு வையுங்கள், கலம் அளவாக மை எடுக்கும். மூங்கில் கிடைக்காதவர்கள் இரண்டு பென்சிலைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டாலும் போதும். இரண்டு முனைகளும் சேர்ந்து அகலமான வாயாக வேலை செய்யும், எழுத்தின் இரு விளிம்பும் கோடாக விழும். தடிப்பும் மெலிவும் அழுத்தத்தால் வருவதில்லை, வாயின் கோணத்தால் வருகின்றன. பென்சில் ஜோடி இதைக் கண்ணுக்கு எதிரே காட்டிக் கொடுக்கும்.

எந்த எழுத்துமுறை? அரூபத்துக்கு முதன்முதலாக வருகிறவருக்குக் கூஃபி நல்லது. நேர்க்கோடும் மூலையும்தான். சதுரக் கூஃபியைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பியே எழுதிவிடலாம், கட்டம் பிரித்து வரையும் வடிவியல் அரூபத்தோடு இயல்பாகச் சேரும். துலுத்துக்கு உயர்ந்த தண்டுகள், ஆழமான வளைவுகள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்க இடம் கொடுக்கும், ஆனால் கற்க நாளாகும். நஸ்தலீக் சரிந்து இறங்கும், வீச்சுள்ள கைக்குச் சுகம். நஸ்கைப் பெரிதாக்காதீர்கள். அது புத்தகத்துக்கான எழுத்து. பொடியாக நிரப்பும் பின்னலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாம் துலுத்தை எடுத்துக்கொள்வோம்.

ஸாத், பா, ரா மூன்றையும் ஒரு நல்ல உஸ்தாதின் (ஆசானின்) மாதிரியைப் பார்த்து ஒரு மாதம் தினமும் அரை மணி எழுதுங்கள். உஸ்மானிய (ஒட்டோமன் துருக்கி) மரபில் மாணவன் முதலில் எழுதும் பாடமே "இறைவா, எளிதாக்கு, கடினமாக்காதே, நல்லபடி முடித்து வை" என்ற துஆதான். அந்த ஒரு வரியிலேயே மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பார்களாம். நாம் மூன்று எழுத்துக்கு ஒரு மாதம் கொடுப்பது ஒன்றும் அதிகம் இல்லை.

படி 2: சொல்லைத் தேர்ந்தெடுப்பது, சரிபார்ப்பது

என் கதையைச் சொல்கிறேன். ஆரம்ப நாட்களில் இதே சொல்லைக் கைபேசியில் நகலெடுத்து ஒரு பட மென்பொருளில் ஒட்டினேன். அந்த மென்பொருளுக்கு வலமிருந்து இடமாக எழுதத் தெரியாது. எழுத்துகளைப் பிரித்து, தலைகீழ் வரிசையில் போட்டுவிட்டது. அதை அப்படியே பெரிதாக்கி, நான்கு நாள் உழைத்து, நண்பன் வீட்டுக்குப் பரிசாகக் கொண்டுபோனேன். அவனுடைய வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, ரா, பா, ஸாத் மூணும் தனித்தனியா நிக்குதே, ஒண்ணோட ஒண்ணு சண்டையா?" என்றார். சபூரைக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஆகவே அரபு எழுத்துகள் சேர்ந்து நிற்கின்றனவா, முதல் எழுத்து வலப்பக்கம் இருக்கிறதா, புள்ளிகள் எண்ணிக்கை சரியா என்று வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கேன்வாஸுக்குப் போகாதீர்கள். பாவுக்கு அடியில் ஒரு புள்ளி. அது மேலே போனால் நூன், மேலே இரண்டானால் தா. அழகுக்காகப் புள்ளியை இடம் மாற்றினால் சொல்லே மாறிவிடும்.

குர்ஆன் வசனத்தை முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. இந்த முறையில் எழுத்தைச் சுரண்டுவோம், மறைப்போம், மேலே வண்ணம் ஊற்றுவோம். வசனத்தை அப்படிச் செய்வது பலரைப் புண்படுத்தும். பயிற்சித் தாளில் அல்லாஹ்வின் பெயர் இருந்தால் குப்பைக் கூடையில் போடவும் முடியாது. வசனம்தான் வேண்டும் என்றால் பொருளையும் அளவையும் பிடித்துக்கொண்டு, வீச்சை மட்டும் பின்னணிக்கு விடுங்கள், ஹரகத்து (உயிர்க்குறிகள்) உட்பட ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) காட்டிவிடுங்கள். இல்லையென்றால் பொறுமை, ஒளி, தண்ணீர், பயணம் என்று பொதுச் சொற்கள் நிறைய இருக்கின்றன.

தமிழர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வழியும் உண்டு: அர்வி, அதாவது அரபுத் தமிழ். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் தமிழையே அரபு எழுத்தில் எழுதிவந்தார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் சேர்த்த எழுத்துகள் அதில் உண்டு. உங்கள் பாட்டி சொன்ன ஒரு வாக்கியத்தை அர்வியில் எழுதி ஓவியமாக்கினால், இரவல் வாங்காத ஒரு படம் கிடைக்கும். ஏன் அதிகம் பேர் செய்வதில்லை என்று எனக்கு ஆச்சரியம்தான்.

படி 3: தீப்பெட்டி அளவில் இருபது

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டங்கள் இருபது போட்டு, கருப்பு மார்க்கரால் மட்டும் வரையுங்கள். வண்ணம் பற்றி நினைக்கவே கூடாது. ஸப்ரில் மூன்று உருவங்கள் இருக்கின்றன: ஸாதின் மூடிய கண், பாவின் சின்னப் பல், ராவின் இறங்கும் வால். கண்ணை மட்டும் பெரிதாக்கி, வாலை ஓரத்தில் ஒடுக்கிப் பாருங்கள். வாலைக் கேன்வாஸுக்கு வெளியே போகவிடுங்கள். அதே சொல்லை மூன்று அளவில் ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள்.

வரைந்த பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். இப்போது கருப்பைப் பார்க்காமல் நடுவே மாட்டிக்கொண்ட வெள்ளையைப் பாருங்கள். அந்த வெள்ளைத் துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக, ஒரே வடிவமாக இருந்தால் அந்த வரைவைத் தூக்கிப் போடலாம். ஒன்று பெரிதாகவும், ஒன்று ஊசி முனையாகவும், ஒன்று மூடியும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஓவியமாகும் இடம் அந்த வெள்ளைதான்.

படி 4: பரப்பு

கடையில் வாங்கும் பருத்திக் கேன்வாஸின் நெசவு, வேகமாக ஓடும் எழுத்தின் விளிம்பைக் கிழித்துவிடும். 24×30 அங்குலக் கேன்வாஸுக்கு மூன்று கோட் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) போடுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்ததும் அடுத்தது, முந்தையதற்குக் குறுக்குத் திசையில். கடைசிக் கோட் நன்றாகக் காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள், பிறகு 320. அழுத்தி வேலை செய்கிறவர்கள் பிளைவுட் பலகையையே எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: பின்னணி, ஆனால் எழுத்துக்கு ஏற்ற பின்னணி

தேர்ந்தெடுத்த சின்ன வரைவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பின்னணியைத் தொடங்க வேண்டும். எழுத்தின் விளிம்பு எங்கே தெளிவாகத் தெரிய வேண்டும், எங்கே கரைந்து போக வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். தெளிவு வேண்டிய இடத்தில் பின்னணியின் வெளிச்சம் எழுத்துக்கு எதிராக இருக்கட்டும், கரைய வேண்டிய இடத்தில் எழுத்தின் வெளிச்ச அளவுக்கே வரட்டும். நிறம் வேறாக இருந்தாலும் வெளிச்சம் ஒன்றாக இருந்தால் விளிம்பு காணாமல் போய்விடும். சந்தேகம் வந்தால் கைபேசியில் கருப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

நம் ஸப்ரில் ஸாதின் கண் தெளிவாக, ராவின் வால் கரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து அடர் நீலக் கருப்பு. வலது மேல்பக்கம் வெளிர் மணல் நிறம், இடது கீழ்ப்பக்கம் இறங்க இறங்க இருட்டு. மூன்று அக்ரிலிக் வண்ணம் போதும்: மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் அம்பர், ப்ரஷ்யன் நீலம். தண்ணீர் கலந்த மெல்லிய பூச்சுகளாக ஐந்தாறு அடுக்கு. பூச்சின் திசை வலமிருந்து இடமாக, சொல் ஓடும் பக்கமே ஓடட்டும். எல்லாம் காய்ந்ததும் அக்ரிலிக் கிளாஸ் மீடியத்தை (நிறமில்லாத, பளபளப்பான பூச்சு) மேலே ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

அந்தக் கோட் எதற்கு? பழைய எழுத்தர்கள் தாளுக்கு "ஆஹார்" பூசுவார்கள். மாவுக் கஞ்சி, படிகாரம் போட்டு அடித்த முட்டை வெள்ளை, பிறகு அகேட் கல்லால் வழவழவென்று தேய்ப்பு. மை தாளுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும், தப்பு விழுந்தால் ஈர விரலால் துடைத்துவிடலாம். மீடியம் நமக்கு ஆஹார். எழுதியது சரியில்லை என்றால் காய்வதற்குள் ஈரத் துணியால் துடைத்து மறுபடி எழுதலாம். இதைத் தெரிந்துகொள்வதற்குள் எத்தனை பின்னணிகளைப் பாழாக்கினேன் என்று கணக்கே இல்லை.

படி 6: எழுதுவது

முதலில் கருவியின் அகலம். புள்ளி சாய்சதுரம் என்பதால் அதன் மூலைவிட்டம் வாயின் அகலத்தைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1 அங்குல வாய் என்றால் 7 புள்ளி அலிஃப் கிட்டத்தட்ட 10 அங்குலம். நம் சொல்லில் அலிஃப் இல்லாவிட்டாலும் அதை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், 24×30-க்கு 1 அங்குலக் கருவி சரியாக இருக்கும். தட்டைத் தூரிகை, சுவருக்குப் பட்டி பார்க்கும் தகடு, தடித்த அட்டைத் துண்டு, இரண்டு மெல்லிய மரச் சட்டங்களுக்கு நடுவே செருகிய ஃபெல்ட் துணி, எதுவும் ஆகும். எனக்குப் பிடித்தது ஃபெல்ட். வண்ணத்தை நிறையக் குடித்து வைத்திருக்கும், ராவின் வால் முடியும்வரை வறளாது.

ஒரே வீச்சில் எழுதுவதென்றால் கேன்வாஸைத் தரையில் கிடத்துங்கள். செய்தித்தாளை அதே அளவுக்கு ஒட்டி, இருபது முப்பது முறை ஒத்திகை பாருங்கள். வண்ணம் மோருக்கும் தோசை மாவுக்கும் நடுவே இருக்கட்டும். அசைவு தோளிலிருந்து வர வேண்டும், மணிக்கட்டு பூட்டியிருக்க வேண்டும். ஸாதின் கண், பல், வால், கடைசியில் புள்ளி. பாகிஸ்தானின் குல்ஜீ இந்த வேகத்தையே தன் ஓவியமாக்கிக்கொண்டவர். அவருடைய படங்களில் தூரிகை சுழன்ற இடத்தில் வண்ணம் வரப்பு கட்டி நிற்பதைப் பார்க்கலாம்.

வீச்சில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு உஸ்மானியர்களின் வழி: ஊசிக் குத்து. தாளில் எழுதித் திருத்திய சொல்லின் விளிம்பெங்கும் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவார்கள். தாளைப் பரப்பின்மேல் வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் புள்ளிக் கோடாக எழுத்து இறங்கும். ஆரி வேலை செய்கிறவர்கள் ட்ரேசிங் தாளில் துளையிட்டு ரவிக்கைத் துணியில் டிசைனை இறக்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். அளவைப் பிடித்துக்கொண்டு வீச்சை விட முடிவு செய்தவர்களுக்கு இது பொருத்தம்.

மூன்றாவது வழி, எழுத்தை எழுதாமல் விடுவது. நான்காவது அடுக்குப் பின்னணி காய்ந்ததும் எழுத்தின் உருவத்தை மாஸ்கிங் டேப்பில் வெட்டி ஒட்டுங்கள். டேப்பின் ஓரத்தில் ஒரு கோட் தெளிவான மீடியம் தடவினால் வண்ணம் உள்ளே கசியாது. மேலே மீதி அடுக்குகளைப் போட்டு, டேப்பை உரித்தால் பழைய பின்னணியே எழுத்தாக நிற்கும். எது முன், எது பின் என்று கண் குழம்பும். எழுத்தும் ஓவியமும் ஒரே பொருளாக ஆவது இந்த வழியில்தான் அதிகம் என்பேன்.

படி 7: மறைத்தல், மீட்டல்

இப்போது ஒரு சுத்தமான சொல் உட்கார்ந்திருக்கும். நிறையப் பேர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், கை வைக்கப் பயம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அப்புறம் துணிந்து கை வையுங்கள்.

மீடியம் அதிகமும் வண்ணம் துளியுமாகக் கலந்த ஒரு திரையை ராவின் வால்மேல் இழுங்கள். காய்ந்ததும் தண்ணீர் தொட்ட 400 எண் உப்புத்தாளால் சில இடங்களில் மட்டும் தேய்த்தால் அடியிலிருந்து நீலக் கருப்பு எட்டிப் பார்க்கும். மறுபடி திரை, மறுபடி தேய்ப்பு. இங்கேதான் சியாஹ் மஷ்க் உதவுகிறது: அதே கருவியால், பின்னணியைவிட ஒரு படி மட்டும் இருண்ட வண்ணத்தில், ரா, ரா, ரா என்று கீழ்ப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதுங்கள். வேறு கருவியை எடுக்கக் கூடாது. ஒரே வாய் அகலம் இருப்பதால் எத்தனை அடுக்கினாலும் அவை பெரிய எழுத்தின் உறவாகவே தெரியும். கண்டபடி தெளித்த வண்ணம் அப்படித் தெரியாது.

எவ்வளவு மறைக்கலாம்? தொடக்கத்தில் எடுத்த முடிவைத் திரும்பிப் பாருங்கள். பொருளை விடுவதாக இருந்தால் பல்லையும் புள்ளியையும்கூட மறைக்கலாம். பொருளைப் பிடிப்பதாக இருந்தால் ஸாதின் கண்ணும் பாவின் புள்ளியும் தப்பியாக வேண்டும். அவை இருந்தால் வாசிக்கிறவர் மீதியை ஊகித்துக்கொள்வார்.

படி 8: தங்கம், ஒரே ஒரு இடத்தில்

தங்கத்தைக் கண்டால் கை நிற்காது, எனக்கும்தான். ஆனால் இந்தப் படத்தில் பாவின் புள்ளிக்கு மட்டும் வைப்போம், ஒரு சாய்சதுரம். எல்லா அளவுக்கும் அலகான அந்த வடிவத்துக்கே தங்கம். தஞ்சாவூர் ஓவியத்துக்கு வாங்கும் 22 காரட் தாள் கறுக்காது. மலிவான போலித் தாள் பித்தளைதான், காற்றுப் பட்டால் கறுக்கும், மேலே அரக்குப் பாலிஷ் ஒரு கோட் கொடுத்து மூடிவிடுங்கள்.

படி 9: வார்னிஷ், கையெழுத்து, மாட்டுவது

இரண்டு வாரமாவது காயவிட்டு மேட் வார்னிஷ் மெல்லியதாக இரண்டு கோட் அடியுங்கள். பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் அடித்தால் விளக்கு வெளிச்சம் பட்டுத் திரைகளின் ஆழம் தெரியாமல் போகும்.

கையெழுத்தில் ஒரு மரியாதை உண்டு. "கதபஹு", அதாவது இதை எழுதியவர் என்று போட்டுப் பெயர் எழுதும் உரிமை உஸ்தாதிடம் இஜாஸா (தேர்ச்சி அனுமதி) வாங்கியவருக்குத்தான். நம்மைப் போன்றவர்கள் தமிழில் பெயரையும் வருடத்தையும் ஓரமாகப் போட்டால் போதும். கேன்வாஸின் பின்பக்கம் சொல்லையும் அதன் பொருளையும் தமிழில் எழுதி, மேல்பக்கம் எது என்று பெரிதாக ஓர் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள். ஒரு கண்காட்சியில் என் ஸப்ர் மூன்று நாள் தலைகீழாகத் தொங்கியது. நான்காம் நாள் பார்க்க வந்த நண்பனின் வாப்பாதான் கண்டுபிடித்தார், கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு.